18 வயதானால் டாக்டர் யார்? அரிய மரபணு நோயுடன் வளரும் பிள்ளைகளை அந்தரத்தில் விடும் மருத்துவ அமைப்பு

சில ஆண்டுகளுக்கு முன் '16 கோடி ரூபாய் ஊசி' என்ற பேச்சு வாட்ஸ்அப் இருக்கிற எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தண்டுவடத் தசைச் சிதைவு என்ற அரிய மரபணு நோயுடன் பிறந்த கைக்குழந்தைகளுக்காக, முன்பின் தெரியாதவர்கள் நூறும் ஐநூறுமாகப் பணம் அனுப்பினார்கள். நல்ல மனசு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தப் பேச்சில் யாருமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அரிய நோயுள்ள குழந்தைக்கு 20 வயது ஆகும்போது அவரை எந்த வார்டில் சேர்ப்பார்கள்? எந்த டாக்டர் பார்ப்பார்?

அரிய நோய் என்றாலே நம் மனதில் வருவது ஒரு குழந்தையின் முகம்தான். அரசுத் திட்டங்கள், மருத்துவமனைப் பிரிவுகள், நன்கொடை விளம்பரங்கள் எல்லாமே அந்த முகத்தை வைத்தே வடிவமைக்கப்பட்டவை. மருத்துவம் முன்னேறி, அந்தக் குழந்தைகள் வளர்ந்து வாலிபர்களாகிவிட்டார்கள். அமைப்புதான் இன்னும் வளரவில்லை.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம், டிஎம்டி எனப்படும் டூஷேன் தசைச் சிதைவு நோய்.

டிஎம்டி என்றால் என்ன?

நம் தசைகள் ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் கிழிந்துவிடாமல் காக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் டிஸ்ட்ரோஃபின். அதைத் தயாரிக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவில் பிழை ஏற்பட்டால் புரதம் உருவாகாது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்துவிடும்.

ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ் குரோமோசோம்தான் என்பதால், பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஆண் குழந்தைகள். பிறக்கும் 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குத் தாயிடமிருந்து வராமல், புதிதாகவே மரபணுப் பிழை உருவாகிறது. 'யார் வழியில வந்துச்சு' என்று மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

இரண்டு வயது முதல் ஐந்து வயதுக்குள் அறிகுறிகள் தெரியும். பிள்ளை அடிக்கடி விழுவான். மாடிப்படி ஏறத் திணறுவான். தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி எழுவான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரியும். 12 வயதை ஒட்டி வீல்சேர் தேவைப்படும். அதன் பிறகு கைகள், மூச்சுத் தசைகள், இதயம் என்று பாதிப்பு நகரும்.

ஆயுள் கூடியது எப்படி?

ஒரு காலத்தில் இந்தப் பிள்ளைகள் பதின்ம வயதைத் தாண்டுவதே அபூர்வம். இங்கிலாந்தின் நியூகாசில் நகர மருத்துவர்கள் 2002-ல் வெளியிட்ட கணக்கு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அங்கே 1960-களில் இறந்தவர்களின் சராசரி வயது 14.4. 1990-க்குப் பிறகு மூச்சு உதவிக் கருவி பெற்றவர்களுக்கு அது 25.3. அதற்குப் பிறகும் ஆயுள் கூடிக்கொண்டே வருகிறது. நல்ல கவனிப்பு கிடைக்கும் நாடுகளில் 30 வயதைக் கடந்து வாழ்பவர்கள் பலர்.

இந்த மாற்றத்துக்கு எந்த அற்புத மருந்தும் காரணமில்லை. ஸ்டீராய்டு மாத்திரைகள் நடக்கும் காலத்தை நீட்டித்தன. தூங்கும்போது முகக்கவசம் மூலம் காற்றைச் செலுத்தும் பைபேப் கருவி மூச்சைக் காப்பாற்றியது. இதயம் பலவீனமாவதற்கு முன்பே, 10 வயதுக்குள் பாதுகாப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும் என்கிறது 2018-ல் வெளியான சர்வதேசப் பராமரிப்பு வழிகாட்டுதல்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவை எல்லாமே தொடர்ந்து செய்ய வேண்டிய வேலைகள். ஆண்டுதோறும் எக்கோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் திறன் சோதனை. எலும்பு, முதுகெலும்பு வளைவு, சத்துணவு, பிசியோதெரபி என எதுவும் விடக்கூடாது. ஆயுளைக் கூட்டியது இந்தத் தொடர்ச்சிதான். அது அறுந்தால் கிடைத்த ஆண்டுகளும் கைநழுவும். 18 வயதில் அறுவது சரியாக அதுவே.

'பெரியவங்க ஓ.பி.க்குப் போங்க'

குழந்தைகள் பிரிவு என்பது ஒரு குடைபோல. அங்கே ஒரு டாக்டர் பிள்ளையைப் பத்து வருடமாகப் பார்த்திருப்பார். எந்தப் பரிசோதனை எப்போது, எந்த மாத்திரை ஏன் நிறுத்தப்பட்டது, போன மழைக்காலத்தில் நிமோனியா வந்தபோது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதய டாக்டரிடமும் எலும்பு டாக்டரிடமும் அவரே பேசிவிடுவார்.

பெரியவர்கள் பிரிவில் அந்தக் குடை கிடையாது. மூச்சுக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர், நரம்புக்கு ஒரு டாக்டர், எலும்புக்கு ஒரு டாக்டர். நான்கு ஓ.பி., நான்கு நாள், நான்கு சீட்டு. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஆள் பிள்ளையின் அம்மா.

நம் ஊரில் இந்த மாற்றம் 18 வயதுவரை காத்திருப்பதும் இல்லை. பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவின் எல்லை 12 வயது. டிஎம்டி பையனுக்கு நடை நிற்கும் வயதும் அதுவே. உடம்பு மிக மோசமான திருப்பத்தைச் சந்திக்கும் நேரம் பார்த்து, மருத்துவமனையும் 'இனி இங்க வராதீங்க' என்கிறது.

எந்தக் குழந்தை டாக்டரும் இதை மனசாரச் செய்வதில்லை. பலர் விதியைத் தாண்டி 16 வயதுவரைகூடப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு டாக்டரின் இரக்கத்தை நம்பி நடப்பதை ஏற்பாடு என்று சொல்ல முடியாது. அவர் மாற்றலாகிப் போனால் அன்றோடு முடிந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு முரணும் உண்டு. மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் தேசியக் கொள்கையின்படி, உயர்சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறும் ஒருவருக்கு ரூ.50 லட்சம் வரை நிதியுதவி கிடைக்க வழி இருக்கிறது. அந்த மையங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றிருப்பது சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. அது நாட்டின் முன்னணிக் குழந்தைகள் மருத்துவமனைகளில் ஒன்று; தேர்வில் தவறில்லை. ஆனால் அரிய நோயுடன் வாழும் 25 வயதுக்காரர் குழந்தைகள் மருத்துவமனை வாசலில் நின்று என்ன கேட்பார்?

தெரியாத டாக்டர், தெரிந்த ஆபத்து

டாக்டர் மாறினால் என்ன, படிச்சவங்கதானே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். டிஎம்டி குழந்தைகளின் நோய் என்றே பாடம் படித்தவர்கள் நம் பொது மருத்துவர்களில் பெரும்பாலோர். 22 வயது டிஎம்டி நோயாளியை அவர்கள் தங்கள் பணிக்காலத்தில் ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்போது, மற்ற நோயாளிக்குச் சரியாக இருக்கும் சிகிச்சையே இவருக்கு ஆபத்தாகிவிடும்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். மூச்சுத் திணறலுடன் வந்தால் உடனே ஆக்சிஜன் வைப்பது வழக்கம். இவர்களுக்குப் பிரச்சினை நுரையீரலில் அல்ல, காற்றை இழுத்து வெளியே தள்ளும் தசையில். உடம்பில் கரியமிலவாயு தேங்கியிருக்கும்போது வெறும் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால், மானிட்டரில் எண் அழகாகத் தெரியும். உள்ளே வாயு ஏறிக்கொண்டே போய் மயக்கத்தில் தள்ளும். தேவைப்படுவது பைபேப் போன்ற மூச்சு உதவி. ஆக்சிஜன் அதோடு சேர்த்துத்தான்.

ஸ்டீராய்டும் அப்படியே. பல வருடம் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். புதிய டாக்டர் 'இவ்வளவு நாளா எதுக்கு இது?' என்று சட்டென நிறுத்தினாலோ, காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன் நேரத்தில் கூடுதல் டோஸ் கொடுக்காமல் விட்டாலோ, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மயக்க மருந்தில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். சக்சினைல்கோலின் என்ற மருந்தை இவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. முகர்ந்து மயங்கும் வாயு மருந்துகளையும் தவிர்க்கச் சொல்கிறார்கள். இவை பலவீனமான தசைகளை உடைத்து, ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டி, இதயத்தை நிறுத்திவிடக் கூடியவை.

எலும்பு முறிவுக்குப் பிறகு திடீரென மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறிக் குழப்பம் வந்தாலோ, எலும்புக்குள் இருந்த கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலையோ மூளையையோ அடைத்திருக்கலாம். அதை வெறும் பதற்றம் என்று நினைத்துத் தூக்க ஊசி போட்டு அனுப்பினால் நிலைமை கைமீறும்.

சாதாரண ரத்தப் பரிசோதனைகூடத் திசைதிருப்பும். கல்லீரல் சோதனையில் வரும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் இவர்களுக்கு எப்போதுமே கூடுதலாக இருக்கும். காரணம் கல்லீரல் அல்ல, சிதையும் தசை. தெரியாதவர் மஞ்சள் காமாலைக்குத் தேட ஆரம்பித்துவிடுவார்.

இத்தனையும் ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும் தகவல்கள். அந்த ஒரு பக்கம் நோயாளியின் கையில் இல்லாததால் உயிர் போகலாம் என்பதே இந்தப் பிரச்சினையின் சாரம்.

வார்டு மட்டுமா மாறுகிறது?

18-வது பிறந்தநாள் மருத்துவமனைக்கு வெளியேயும் பல கதவுகளைச் சாத்துகிறது, சிலவற்றைத் திறக்கிறது. எது எது என்று சொல்லத்தான் ஆளில்லை.

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரைதான் பரிசோதனையும் தொடர் கவனிப்பும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு கல்லூரிக்கு வராது. பள்ளிப் படிப்போடு வீட்டில் முடங்கிவிட்ட பையனைத் தேடியும் வராது.

மறுபக்கம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தசைச் சிதைவும் ஒன்று. உயர்கல்வியில் 5%, அரசு வேலையில் 4% என்ற இடஒதுக்கீட்டு வரம்புக்குள் இவர்களும் வருகிறார்கள். தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையிலும் தசைச் சிதைவுக்கு இடமுண்டு. வயது ஏறும்போது இந்த உரிமைகள்தான் கைகொடுக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் அக்கா, அண்ணன்கள் கவனிக்க வேண்டியது இன்ஷூரன்ஸ். பல நிறுவனங்களின் குழுக் காப்பீட்டில் பிள்ளைகளுக்கு 25 வயதுவரைதான் இடம். உடன்பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. அப்பா ஓய்வு பெறும் நாளில் பையனின் காப்பீடும் ஓய்வு பெற்றுவிடும். இஎஸ்ஐ மட்டும் இதில் கொஞ்சம் கருணை உள்ளது: காப்பீட்டாளரை முழுவதும் சார்ந்து வாழும் உடல்நலக் குறைபாடுள்ள பிள்ளைக்கு அதில் வயது வரம்பு இல்லை. இது தெரியாமலே அட்டையைக் கைவிட்ட குடும்பங்கள் இருக்கும். வருமான வரியின் பழைய முறையில், தன்னைச் சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி உடன்பிறப்பைப் பராமரிப்பவரும் கழிவு கேட்கலாம்.

இன்னொன்று கையெழுத்து. 18 வயது முடிந்தவுடன் ஆபரேஷனுக்கோ வென்டிலேட்டருக்கோ சம்மதம் சொல்லும் உரிமை சட்டப்படி அந்த இளைஞருடையது. டிஎம்டி உள்ளவர்களில் சிலருக்குக் கற்றல் சிரமங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலோர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே தீர்மானிக்கக் கூடியவர்கள். அதுவரை எதையுமே சொல்லாமல் வளர்த்துவிட்டு, அன்றைக்குக் காலையில் பேனாவைக் கொடுத்து 'போடுப்பா' என்றால் என்ன நியாயம்?

'அவன்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்'

குழந்தை டாக்டரின் அறையில் பேச்சு எப்போதும் பையனின் தலைக்கு மேலேயே நடக்கும். டாக்டர் அம்மாவைக் கேட்பார், அம்மா பதில் சொல்வார். பையன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பான். முக்கியமான விஷயம் என்றால் அவனை வெளியே அனுப்பிவிட்டு, 'அவன்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டான்' என்பார்கள்.

அன்பால் வரும் வார்த்தைதான் அது. ஆனால் 15 வயதுப் பையன் கையில் போன் இருக்கிறது. நோயின் பெயரைத் தட்டினால் எல்லாமே வந்துவிடும், அதுவும் மிக மோசமான, பழைய கணக்கோடு. வீட்டில் யாரும் பேசாததால், தான் படித்ததை அவனும் யாரிடமும் சொல்ல மாட்டான். இரண்டு பக்கமும் நாடகம் நடக்கும். பயத்தைத் தனியாகச் சுமப்பவன் அவன்தான்.

நீண்ட கால ஸ்டீராய்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. வளர்த்தி குறையும், பருவமடைவது தள்ளிப்போகும். 19 வயது இளைஞர் பார்வைக்கு 12 வயதுப் பையன்போல் இருப்பார். நர்ஸ் கன்னத்தைக் கிள்ளுவார், சொந்தக்காரர்கள் சாக்லேட் கொடுப்பார்கள். கல்லூரி, வேலை, காதல், கல்யாணம் பற்றி அவருக்கும் எண்ணங்கள் உண்டு என்பது யார் கணக்கிலும் வராது.

பெரியவர்கள் மருத்துவத்தில் நல்ல விஷயம் ஒன்று உண்டென்றால், அங்கே டாக்டர் நோயாளியையே கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் பழக்கம் ஒரே நாளில் வராது. தன் நோயின் பெயர், தன் மாத்திரைகள், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை 12, 13 வயதிலிருந்தே பிள்ளை தன் வாயால் சொல்லப் பழக வேண்டும்.

குழந்தை டாக்டரே பார்க்கக் கூடாதா?

நியாயமான கேள்விதான். பல குடும்பங்கள் விரும்புவதும் அதுவே. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அது பிள்ளைக்கே நஷ்டம். பலவீனமான இதயத்துக்கான பெரியவர் சிகிச்சை, பெரியவர் ஐசியு, நீண்ட கால வென்டிலேட்டர், வேலை பார்க்கும் உடல் தகுதி, மனச்சோர்வு ஆகியவை குழந்தை மருத்துவத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவை. குழந்தைகள் கட்டிலில் அறுபது கிலோ இளைஞரைப் புரட்டிப் படுக்க வைப்பதே சிரமம். என்றைக்காவது மாறித்தான் ஆக வேண்டும். நெருக்கடியில் மாறுவதா, நிதானமாக மாறுவதா என்பதே கேள்வி.

இரண்டாவது வாதம், 'இவங்க ரொம்பக் கொஞ்சம் பேர். லட்சக்கணக்கான சர்க்கரை நோயாளிகளுக்கே டாக்டர் போதலை' என்பது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறக்குறைய 8 முதல் 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. பாதி ஆண் என்று வைத்து, 5,000-ல் ஒருவர் என்று பார்த்தால், ஆண்டுக்கு 80, 90 பேர். 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு இரண்டு மூன்று பேர்.

எண்ணிக்கை குறைவு என்பது செய்யாமல் இருப்பதற்கான காரணமல்ல. எளிதாகச் செய்ய முடியும் என்பதற்கான காரணம். மாவட்டத்துக்கு மூன்று பேரின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்க முடியாத அளவுக்குத் தமிழ்நாட்டின் சுகாதாரத் துறை பலவீனமானதல்ல.

டிஎம்டிக்குச் செய்யும் ஏற்பாடு அதோடு நிற்காது. தலசீமியா, ஹீமோஃபிலியா, வில்சன் நோய், காஷர் நோய் என வாழ்நாள் சிகிச்சை தேவைப்படும் அத்தனை மரபணு நோய்களிலும் இதே இடைவெளி உண்டு. உடம்பில் தாமிரம் தேங்கும் வில்சன் நோயில், 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று ஹாஸ்டலுக்குப் போன பையன் மாத்திரையை நிறுத்தினால், கல்லீரலே செயலிழந்து போகலாம். ஒரு நோய்க்குப் பாலம் கட்டினால் அதன் மேல் எல்லோரும் நடக்கலாம்.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி 13, 14 வயதுக்குள் திட்டமிடல் தொடங்கிவிட வேண்டும். ஒவ்வொரு இளைஞருக்கும் 'இவர்தான் பொறுப்பு' என்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் மாற்றத்துக்கு முன் குறைந்தது ஆறு மாதமும் பின் ஆறு மாதமும் கூடவே இருக்க வேண்டும். அமெரிக்காவிலும் 12 வயதிலிருந்தே பேச்சைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

இதில் எந்த இடத்திலும் கோடி ரூபாய் இயந்திரம் இல்லை. தேவைப்படுவது ஒரு ஆள், ஒரு தாள், கொஞ்சம் முன்யோசனை.

தமிழ்நாடு என்ன செய்ய வேண்டும்?

• எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் ஒரே சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவை. இரண்டு தரப்பு டாக்டர்களும் மாதம் ஒருநாள் ஒரே அறையில் உட்கார்ந்து, 15 வயதுக்கு மேற்பட்ட அரிய நோயாளிகளைச் சேர்ந்து பார்க்கலாம். பழைய டாக்டர் புதிய டாக்டரிடம் பிள்ளையை நேரில் ஒப்படைக்க வேண்டும். சீட்டில் எழுதி அனுப்பினால் போதாது.

• அரசு மருத்துவக் கல்லூரி உள்ள மாவட்டங்களில் குழந்தைகள் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே டீனின் கீழ் இயங்குகின்றன. பொது மருத்துவத்தில் ஒரு டாக்டரை இதற்குப் பொறுப்பாக அறிவிக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

• நாள்பட்ட மரபணு நோயுள்ளவர்களுக்கு 12 வயது எல்லையைத் தளர்த்தி, 18 வரை குழந்தைகள் பிரிவில் தொடர அனுமதிக்க வேண்டும். காலண்டரைப் பார்த்து மாற்றாமல், பிள்ளை தயாரா என்று பார்த்து மாற்ற வேண்டும்.

• அவசர அட்டை ஒன்று, தமிழிலும் ஆங்கிலத்திலும். 108 ஊழியருக்கும் இரவுப் பணி டாக்டருக்கும் புரியும்படி, என்ன செய்யக் கூடாது என்பது முதல் வரியில் இருக்க வேண்டும்.

• வீடு தேடிப் போய் பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் நடக்கிறது. வீல்சேரில் இருக்கும் ஒவ்வொரு இளைஞரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருப்பதை மாவட்ட நிர்வாகம் உறுதிசெய்யலாம்.

குடும்பங்கள் இப்போதே தொடங்கக் கூடியவை

அரசு செய்யும்வரை காத்திருக்க நேரமில்லாதவர்கள் சிலவற்றை இன்றே தொடங்கலாம்.

• 12 வயது: டாக்டரிடம் முதல் ஐந்து நிமிடம் பிள்ளையே பேசட்டும். மரபணுப் பரிசோதனை ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வைத்திருங்கள். பின்னாளில் புதிய சிகிச்சை எது வந்தாலும் முதலில் கேட்கப்படுவது அந்தத் தாளைத்தான்.

• 14 வயது: 'பெரியவங்க டாக்டர் யாருன்னு இப்பவே சொல்லுங்க' என்று குழந்தை டாக்டரிடம் கேட்க ஆரம்பியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

• 16 வயது: புதிய டாக்டரை உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவசரத்தில் முதல் சந்திப்பு வேண்டாம். ஒரு பக்கச் சுருக்கத்தைப் பழைய டாக்டரிடம் கையெழுத்துடன் வாங்குங்கள்.

• 18 வயதுக்குள்: மூச்சு உதவி, ஐசியு பற்றி அவருடைய விருப்பம் என்ன என்பதை அமைதியான ஒரு நாளில் பேசுங்கள். காப்பீட்டில் எந்த வயதுவரை இடம் என்பதை நிறுவனத்தின் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள்.

• அம்மாவுக்கு: மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனமாகலாம். பையனுக்கு எக்கோ எடுக்கும்போது அம்மாவும் டாக்டரிடம் தன் இதயத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். சகோதரிகள் வயது வந்ததும் தாங்களே முடிவுசெய்து பரிசோதனை செய்துகொள்ளலாம்.

கேள்வி பணமா, பொறுப்பா?

அரிய நோய் பற்றிய விவாதம் நம்மிடம் எப்போதும் பணத்தில் தொடங்கிப் பணத்தில் முடிகிறது. மரபணு சிகிச்சைகளின் விலை நம் கைக்கு எட்டாதது உண்மை. அதற்கான போராட்டம் தொடரத்தான் வேண்டும். ஆனால் 15 வயது ஆயுளை 25 ஆகவும் 30 ஆகவும் மாற்றியவை சாதாரண மாத்திரைகள், ஒரு மூச்சுக் கருவி, விடாத கவனிப்பு. இவற்றைத் தொடர்வதற்குத் தேவை, ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் செய்யும் ஒரு போன் கால்.

ஒரு பிள்ளையைப் பதினெட்டு வருடம் காப்பாற்றிவிட்டு, பத்தொன்பதாவது வருடத்தில் ஓ.பி. வரிசையில் தொலைத்துவிட்டால், அதுவரை செய்ததற்கெல்லாம் என்ன அர்த்தம்? குழந்தையாக இருந்தபோது அவருக்காகக் கண்ணீர் விட்ட சமூகம், மீசை முளைத்த பிறகும் அவரைத் தன் பொறுப்பாக நினைக்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை.